குழாயடியில் சொல்லாத கடன்

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் தெரு மன்றத்தில் நர்சம்மாவின் படத்தைத் திறக்கிறார்கள். இந்தக் கரையில் ஏழைகளை நம்பி முதன்முதலில் சில்லறைக் கடன் கொடுத்தவர் அவர்தான் என்று படத்தின் கீழே எழுதப்போகிறார்கள். அது உண்மை. ஆனால் படத்தில் அவர் கழுத்தில் ஒரு சங்கிலி கிடக்கிறது. அந்தச் சங்கிலியைப் பற்றி ஊர் சொல்வது முழு உண்மை அல்ல. விழா மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். மேடையில் பேச என்னால் ஆகாது என்பதால் எழுத ஒப்புக்கொண்டேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளட்டும். சங்கிலியைப் பற்றி எழுதியதை மட்டும் யாரும் வெட்ட வேண்டாம்.

நான் முன்பு சங்கு குளிக்கப் போனவன். மூச்சை அடக்கிக்கொண்டு அடிமணலைத் தடவிச் சங்கு எடுக்கிற வேலை. அதில் ஒரு நன்மை, பேச வேண்டாம். கடலுக்கு அடியில் எல்லாரும் ஊமைதான். பன்னிரண்டு வருஷம் போனேன். ஒரு நாள் காதுக்குள் கம்பியை விட்டதுபோல் வலித்தது. மேலே வந்தபோது தோளில் இரத்தம் வழிந்திருந்தது. பிறகு காதில் சீழ் பிடித்தது. இனித் தண்ணீருக்குள் தலையை முக்கினால் செவிடாகிவிடுவாய் என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார். புதுத் துறைமுகத்துக்கு லாரி லாரியாகக் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே கல் சுமக்கப் போனேன். காய்ச்சல் வந்து பத்து நாளில் திரும்பிவிட்டேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

அந்த ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் இருந்தவர்தான் நர்சம்மா. சாத்தான்குளம் பக்கத்துக்காரர். நாங்கள் கத்தோலிக்கர், அவர் சபை வேறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவை. வேலை முடிந்து சாயங்காலம் எங்கள் தெரு வழியாக நடந்து வருவார், பேறு ஆன வீடுகளில் தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போவார்.

அப்படி வந்து போனதில்தான் அவருக்கு ஒன்று தெரிந்தது. எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் மறுநாள் புருஷன் மீன் வியாபாரியின் கடைக்குப் போவான். வியாபாரி முன்பணம் கொடுப்பார். அந்தக் கடன் தீரும்வரை பிடிக்கிற மீனை அவருக்குத்தான் போட வேண்டும். விலையை அவர் சொல்வார். அவர் சொல்கிற விலையில் கடன் எந்தக் காலத்திலும் தீராது. பிள்ளை வளர்ந்து தானே கடலுக்குப் போகும்போதும் அந்தப் பிள்ளை பிறந்த செலவுக்கு வாங்கிய கடன் நின்றுகொண்டிருக்கும்.

ஒரு தடவை, பிள்ளை பெற்ற ஐந்தாம் நாள் தலையில் மீன்பெட்டியோடு நடந்த ஒரு பெண் கடற்கரைச் சாலையில் மயங்கி விழுந்தாள். அவளைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனபோது வார்டில் நர்சம்மாதான் இருந்தார். அவள் பிழைக்கவில்லை. அந்த வாரம் நர்சம்மா தன் அம்மா போட்ட சங்கிலியை விற்றார். அதுதான் முதல் பணம். இருபத்தைந்து ரூபாய், நாற்பது ரூபாய் என்று மீன் விற்கிற பெண்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவர் கழுத்தில் ஒன்றும் போடவில்லை. பிள்ளைகளுக்கு அடையாளம் சொல்லும்போது "வெறுங்கழுத்து நர்சம்மா" என்போம்.

அவர் பத்திரம் எழுதி வாங்கமாட்டார். அவர் முறை வேறு. எங்கள் தெருமுனையில் முனிசிபாலிட்டி குழாய் இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். தெருப் பெண்கள் எல்லாரும் அங்கே நிற்பார்கள். கடன் கேட்பவர் அந்த நேரத்தில் குழாயடிக்கு வந்து, எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும், எப்போது கொடுத்து முடிப்பேன் என்று எல்லாருக்கும் கேட்கும்படி வாயால் சொல்ல வேண்டும். சொன்னதும் நர்சம்மா திரும்பிப் பெண்களைப் பார்த்து, "கேட்டீங்களா?" என்பார். அவர்கள், "கேட்டோம்" என்பார்கள். அவ்வளவுதான். பணம் கைக்கு வந்துவிடும். கொடுத்து முடித்ததும் அதையும் அங்கேயே சொல்ல வேண்டும். கடலுக்குப் போனவன் திரும்பி வராவிட்டால், அவன் கடன் போயிற்று என்று நர்சம்மாவே குழாயடியில் சொல்லிவிடுவார். அன்றைக்கு யாரும், "கேட்டோம்" என்று சொல்லமாட்டார்கள். தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். தன்னிடம் வாங்கினவர் வியாபாரியின் கடைப் படியை மிதிக்கக் கூடாது.

எனக்குக் கடன் கேட்டவள் என் மனைவி. பழைய சைக்கிள் ஒன்று வாங்கி, பின்னால் மீன்பெட்டி கட்டி, முக்காணி, ஆத்தூர் பக்கம் கொண்டுபோய் விற்கலாம் என்று அவள்தான் யோசித்தாள். நர்சம்மா சரி என்றார். "ஆனா அவருதான் வந்து சொல்லணும்" என்றார்.

மூன்று நாள் குழாயடிக்குப் போனேன். மூன்று நாளும் சொல்லாமல் திரும்பி வந்தேன். பெண்கள் நிற்கிற இடம். குடத்தோடு நின்ற எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எங்கள் தெருவில் ஒரு விதவை இருக்கிறாள். மீன் விற்கிறவள். நர்சம்மாவிடம் முதலில் கடன் வாங்கியவளும் அவள்தான். எனக்கு ஒரு வகையில் அண்ணன் மனைவி முறை, மைனி என்று கூப்பிடுவேன். மூன்றாம் நாள் அவள் சொன்னாள்:

"ஏலே, சங்குக்குள்ள காத வச்சாக்கூட ஒரு சத்தம் வரும். உன் வாயில அதுவும் வராதா?"

எல்லாரும் சிரித்தார்கள். நர்சம்மா சிரிக்கவில்லை. "அவரு சொல்லுவாரு. தண்ணி நின்னாலும் நான் நிக்கேன்" என்றார்.

நாலாம் நாள் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னதாக என் மனைவி சொல்வாள். அறுபது ரூபாய், சைக்கிளுக்கு, எட்டு மாசத்தில். நர்சம்மா, "கேட்டீங்களா?" என்றார். "கேட்டோம்" என்றார்கள். அன்று மத்தியானம் அவர் ஒரு ரப்பர் ஹாரன் வாங்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

"மீனு விக்கணும்னா கூவணும். நீ கூவமாட்டே. இத அமுக்கு. இதுக்கு நாலு ரூபா. அறுவத்தி நாலுன்னு வச்சுக்க."

மறுநாள் காலையில் அந்த நாலு ரூபாயையும் குழாயடியில் என்னைச் சொல்ல வைத்தார்.

ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிற பெண்களுக்கு என் ஹாரன் சத்தம் தெரியும். சாளையா, நெத்திலியா, பாறையா என்று அவர்களே பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள். நான் விலையை மட்டும் சொல்வேன். ஏழாம் மாதமே கடனை முடித்தேன். பிறகு கூரைக்கு ஒன்று, மூன்றாவது பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது ஒன்று என்று வாங்கி முடித்தேன். ஒவ்வொரு தடவையும் குழாயடியில் நின்று சொல்ல வேண்டியிருந்தது. பழகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் சொன்னேன்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற வருஷம் வந்தது. ஊருக்குப் போய்த் தம்பி வீட்டில் இருக்கப்போவதாகச் சொன்னார். கடன் கொடுக்கிற வேலையைக் குழாயடிப் பெண்கள் ஐந்து பேரிடம் விட்டார். அதில் மைனியும் ஒருத்தி. அவருக்கு என்ன மரியாதை செய்வது என்று பேச்சு வந்தது. பொன்னாடை போடலாம் என்று மன்றத்துக்காரர்கள் சொன்னார்கள். பெண்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

"நமக்காகத்தான கழுத்துல கிடந்தத வித்தாவ? கழுத்துலதான் போடணும்" என்றாள் மைனி.

குழாயடியில் வைத்தே வசூல் நடந்தது. ஆளுக்கு ஒரு ரூபாய். சிலர் இரண்டு. மீன் இல்லாத மாதம் அது. காற்று மாறிக் கட்டுமரங்கள் எல்லாம் கரையில் கிடந்தன. அப்படியும் நூற்றெண்பது ரூபாய் சேர்ந்தது. ஒரு பவுன் சங்கிலிக்கு இன்னும் இருநூற்றைம்பது தேவைப்பட்டது. வழியனுப்பு விழாவுக்கு நாலு நாள் இருந்தது. மைனி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். ஆசாரியிடம் சங்கிலியும் சொல்லியாகிவிட்டது.

அன்று அவள் என் வீட்டுக்கு வந்தாள். "வியாபாரிகிட்டப் போவம்லே" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாதா? நம்ம வீட்டுக்கா வாங்குதோம்? அவியளுக்குத்தான வாங்குதோம். ரெண்டு மாசத்துல மீனு விழும், அடச்சிருவோம். எனக்குக் கையெழுத்துத் தெரியாது. நீ அஞ்சாங்கிளாஸ் படிச்சவம்லா, நீ போடு."

வேண்டாம் மைனி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. எதிராகப் பேச வேண்டிய இடத்தில் எல்லாம் நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன். பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவள் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

வியாபாரி என்னைப் பார்த்ததும் சிரித்தார். "வாலே. இந்தப் படி உனக்கு மறந்துபோச்சின்னுல்லா நெனச்சேன்" என்றார். இருநூற்றைம்பது கொடுத்து முந்நூறு என்று எழுதினார். என் சைக்கிள் ஈடு. மைனியின் மகன் பிடிக்கிற மீன் அத்தனையும் அவருக்கு. நானும் அவர் கொடுக்கிற மீனைத்தான் எடுத்து விற்க வேண்டும். கையெழுத்துப் போட்டேன். இதைக் குழாயடியில் நாங்கள் சொல்லவில்லை.

வலை காயப்போடுகிற மைதானத்தில் பாய்த்துணியைக் கட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். கவுன்சிலர் வெகுநேரம் பேசினார். நர்சம்மா வெள்ளைப் புடவையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார், வார்டில் யாரோ கூப்பிட்டால் எழுந்து ஓடப்போகிறவர் மாதிரி. மைனி சங்கிலியை எடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இது எதுக்கு? இவ்வளவு பணத்துக்கு எங்க போனீங்க?"

"எல்லாரும் ரூவா ரூவாயாப் போட்டோம் நர்சம்மா" என்றாள் மைனி.

"குழாயடியில சொல்லித்தான் சேத்தீங்களா?"

"பின்ன? கேட்டுப் பாருங்க."

கூட்டத்தில் இருந்த பெண்கள் எல்லாரும், "ஆமா, ஆமா" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய் அல்ல. அவர்கள் போட்டார்கள், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நர்சம்மா என்ன நினைத்தாரோ, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்.

"அப்படியாப்பா?"

நான் தலையை ஆட்டினேன்.

நான் பேசாதவன் என்பதால் பொய்யும் பேசமாட்டேன் என்று அவர் நம்பினார். தலையைக் குனிந்து சங்கிலியை வாங்கிக்கொண்டார். ஸ்டூடியோக்காரர் படம் எடுத்தார். அந்தப் படத்தைத்தான் இப்போது பெரிதாக்கி வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். மறுநாள் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதத்தில் மீன் விழவில்லை. விழுந்தபோது வியாபாரி சொன்ன விலை மைனியின் மகனுக்கு மண்ணெண்ணெய்க்கும் சோற்றுக்கும் சரியாக இருந்தது. எனக்கு அவர் கொடுத்தது மற்றவர்கள் எடுத்தது போக மிஞ்சிய மீன். கொடிக்கால் பெண்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். மூன்றாம் மாத முடிவில் வியாபாரி சைக்கிளைக் கொண்டுவந்து விடச் சொன்னார். விட்டேன். ஹாரனை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். பழைய துறைமுகத்தில் தோணிக்கு உப்பு மூட்டை ஏற்றப் போனேன்.

அடுத்த மாதம் பென்சன் விஷயமாக நர்சம்மா எங்கள் ஊருக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் வேலையை முடித்துக்கொண்டு எங்களைப் பார்க்கக் கடற்கரைச் சாலை வழியாக நடந்து வந்திருக்கிறார். நான் முதுகெல்லாம் உப்போடு எதிரே வந்தேன். ஒதுங்கிப் போக இடம் இல்லை.

"என்னப்பா இது? சைக்கிள் எங்க?"

நான் நின்றேன்.

"வித்துட்டியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"களவு போச்சா?"

அதற்கும் இல்லை என்று ஆட்டினேன்.

"ஈடு வச்சிட்டியா?"

தலை அசையவில்லை.

"எதுக்கு வச்ச? பிள்ளைக்கு என்ன? சொல்லேம்ப்பா, யாருக்கு என்ன?"

அவர் பதறுவதைப் பார்க்க முடியவில்லை. முகத்தைப் பார்க்கவும் முடியாமல் கண்ணைத் தாழ்த்தினேன். அப்போது என் பார்வை அவர் கழுத்தில் போய் நின்றது. வேண்டுமென்று பார்க்கவில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. பிறகு அவர் கை மெல்ல மேலே வந்து சங்கிலியைத் தொட்டது. தொட்டதும் சுட்டதுபோல் கையை எடுத்தார்.

சாலையோரம் அடுக்கியிருந்த மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு மரியாத செய்ய அந்தப் படியில ஏறினீங்களாப்பா?" என்றார். அழுகை இல்லாத குரல். பேறு பார்க்கப் போய்ப் பிள்ளை செத்துப் பிறந்தால், வெளியே நிற்கிறவர்களிடம் அந்தக் குரலில்தான் சொல்வார்.

மறுநாள் காலையில் ஆசாரியிடம் சங்கிலியைக் கொடுத்தார். செய்கூலியும் சேதாரமும் போக அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வியாபாரி கடைக்கு நடந்தார். நான் பத்தடி பின்னால் போனேன். வியாபாரியின் மூன்று பிள்ளைகளும் நர்சம்மா கையில் பிறந்தவர்கள். வியாபாரி எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உங்களுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வட்டியே போட்டிருக்கமாட்டேனே நர்சம்மா."

"எனக்குன்னு இல்லாதவங்களுக்குப் போடுவீங்கள்ல அண்ணாச்சி? அதே வட்டிய எடுத்துக்கங்க."

எண்ணிக் கொடுத்தார். பத்திரத்தை வாங்கி என்னிடம் நீட்டினார். சைக்கிளில் காற்று இல்லை. தள்ளிக்கொண்டே இருவரும் வெளியே வந்தோம். பஸ் நிலையம் வரை அவர் முன்னால் நடந்தார். அங்கே நின்று சொன்னார்:

"இருநூத்தம்பது ரூபா நீயும் அவளும் எனக்குத் தரணும். மாசம் பத்து ரூபா மணியார்டர் பண்ணு. பணம் பெரிசில்ல. இன்னொண்ணு இருக்கு. சங்கிலிக்கு எங்க போய் வாங்கினீங்கன்னு குழாயடியில நீ சொல்லணும்."

நான் தரையைப் பார்த்தேன்.

"உன்ன அசிங்கப்படுத்தச் சொல்லல. கடன் வாங்கித்தான் நல்லது செய்யணும்னா அவளுவ நாளைக்கும் வாங்குவாளுவ. கல்யாணத்துக்கு, திருவிழாவுக்கு, செத்த வீட்டுக்குன்னு. எல்லாம் மரியாதைக்குத்தானம்பாளுவ. நீ சொன்னாத்தான் அது நிக்கும். சொன்னதும் எனக்கு எழுது."

பஸ் வந்தது. வெறுங்கழுத்தோடு ஏறி உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

மணியார்டர் பாரத்தின் அடியில் செய்தி எழுத ஒரு துண்டு உண்டு. முதல் மாதம் அதில், "அடுத்த மாதம் சொல்லிவிடுகிறேன்" என்று எழுதினேன். பத்து நாளில் ஒரு கார்டு வந்தது. அதில் இரண்டே வரி. "பணம் வந்தது. சொன்னாயா?"

மைனியிடம் போய் நின்றேன். சங்கிலி விற்ற கதை அவளுக்குத் தெரியும். மாதம் ஐந்து ரூபாய் அவள் பங்கைத் தவறாமல் தந்தாள். ஆனால் குழாயடியில் சொல்வது என்றதும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வேண்டாம்லே. அவளுவ அந்த ஒத்த ரூவாய இன்னும் பேசிக்கிட்டுத் திரியுதாளுவ. 'நர்சம்மா கழுத்துல எங்க காசு கிடக்கு'ன்னு பேரப்பிள்ளைக்குச் சொல்லுதா ஒருத்தி. அதப் பிடுங்கணுமா?"

அது எனக்கு நல்ல சாக்காகப் போயிற்று. நான் வெட்கத்தால் சொல்லவில்லையா, அந்தப் பெண்களை நினைத்துச் சொல்லவில்லையா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. என் மனைவி பிரித்துப் பார்த்தாள்.

"ஊரு ஊரா ஹாரன் அடிக்கியள்லா? இங்கயும் ரெண்டு அடி அடிச்சிட்டுச் சொல்ல வேண்டியதுதான?" என்பாள்.

சில காலைகளில் குடத்தை எடுத்துக்கொண்டு போவேன். வரிசையில் நிற்பேன். தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வருவேன். அந்த மாதப் பாரத்திலும், "அடுத்த மாதம் சொல்லிவிடுகிறேன்" என்று எழுதுவேன். கார்டு வரும். "பணம் வந்தது. சொன்னாயா?" ஒரு தடவை மட்டும் அதற்குக் கீழே, "காது எப்படி இருக்கிறது?" என்று இருந்தது.

பதினெட்டாவது மணியார்டர் திரும்பி வந்தது. தபால்காரர் பாரத்தைக் கையில் கொடுக்காமல் படித்துச் சொன்னார். "பெறுநர் காலமானார்னு எழுதியிருக்கு அண்ணாச்சி." பத்து ரூபாயை எண்ணி வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

நானும் மைனியும் பஸ் ஏறிப் போனோம். அடக்கம் முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. நெஞ்சு வலி என்று படுத்தவர் அன்றே போய்விட்டாராம். கல்லறையில் மண் இன்னும் காயவில்லை. மைனி மண்ணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழவும் சத்தம் வரவில்லை.

அவர் தம்பி எங்களை உட்காரவைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். நல்ல மனிதர். கொஞ்ச நேரம் பேசிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்கள்லாம் சேந்து அக்காவுக்கு ஒரு சங்கிலி போட்டீங்கள்லா? அந்தப் படம் எங்க கோயில்ல எல்லாருக்கும் காட்டியிருக்கா. பெட்டியில வைக்கும்போது கழுத்துல ஒண்ணும் இல்ல. நாங்க எடுத்துக்கிட்டோம்னு இங்கன ஒரு பேச்சு ஓடுது. எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் வெளிய தல காட்ட முடியல. நாங்க கேட்டப்ப, கழுத்து அரிக்கி, கழத்திட்டேன்னு சொன்னா. எங்க வச்சான்னு சொல்லல."

எங்களைக் காட்டிக்கொடுக்காமல் நர்சம்மா அப்படிச் சொல்லியிருக்கிறார். மைனி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். எல்லாவற்றையும் அந்த ஒரு மனிதரிடம் சொன்னேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. காப்பி ஆறிப்போய்விட்டது. அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நூலால் கட்டியிருந்தது.

"இது என்னன்னு தெரியாம வச்சிருந்தேன்" என்றார்.

என் மணியார்டர் துண்டுகள். பதினேழு. எல்லாவற்றிலும் என் கோணல் எழுத்தில் ஒரே வரி. அடுத்த மாதம் சொல்லிவிடுகிறேன்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. வந்ததும் குழாயடிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கேட்கிறவரே போய்விட்ட பிறகு யாரிடம் சொல்வது என்று இருந்துவிட்டேன். இப்போது படம் திறக்கப்போகிறார்கள். அவர் தம்பியை அழைத்திருக்கிறார்கள். அந்த மனிதர் வந்து மன்றத்தில் உட்கார்ந்திருப்பார். தலைக்கு மேலே அந்தப் படம் இருக்கும். யாராவது ஒருத்தி சங்கிலியைக் காட்டி, அது இப்போது எங்கே என்று அவரிடம் கேட்பாள். கேட்காமல் இருக்கமாட்டாள். அவள் போட்ட ஒரு ரூபாய் அல்லவா?

போன சனிக்கிழமை காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் வந்துவிட்டிருந்தது. இருபது பேருக்கு மேல் இருக்கும். என் முறை வந்ததும் குடத்தைக் குழாயின் கீழ் வைத்துவிட்டுத் திரும்பி நின்றேன். நான் திரும்பி நின்றதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பழைய ஆட்களுக்கு அந்த நிற்பு தெரியும்.

"இருநூத்தம்பது ரூபா" என்றேன். "நர்சம்மா சங்கிலிக்கு. வியாபாரிகிட்ட வாங்கினேன். சைக்கிள ஈடு வச்சேன். இங்கன சொல்லல. சங்கிலிய வித்து அவியளே அடச்சாவ. அவிய வீட்டாளுவ எடுக்கல. எம்பது ரூபா அவியளுக்கு நான் இன்னும் தரணும்."

மைனி வரிசையின் கடைசியில் நின்றாள். "நாந்தான் கூட்டிட்டுப் போனேன்" என்றாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்படியே நின்றேன். சொல்லி முடித்ததும் வழக்கமாக ஒரு குரல் வரும். அது வந்தால்தான் நகர்ந்து பழக்கம். பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். கேட்டீங்களா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அதனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னால் நின்றவள் குனிந்து அதை நகர்த்தி வைத்துவிட்டுத் தன் குடத்தை வைத்தாள்.